ஒரு இருமலுக்கு இடப்பக்கம்

ஊர் அவருக்கு வைத்த பெயர் இருமல் வாத்தியார். விஷயம் தெரியாதவர்கள், பாவம், நெஞ்சுச் சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நெஞ்சு அவருக்கு இரும்பு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். லைசென்ஸ் பரீட்சை அன்று இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் உட்காருவார்; கற்றுக்கொடுத்தவர் பின்சீட்டில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறந்து பேசக் கூடாது. பேசக் கூடாது என்றுதானே விதி, இருமக் கூடாது என்று எவன் எழுதினான் என்பது வாத்தியாரின் கட்சி. "அடுத்த முக்குல வலது" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் ஓட்டுகிற ஆளுக்கு உள்ளங்கை வியர்க்கும். வலது எது, இடது எது என்பது மொத்தமாக மறந்துபோகும். அந்த நொடியில் பின்னாலிருந்து இருமல் வரும். ஒன்று என்றால் இடது. இரண்டு என்றால் வலது.

பரீட்சைக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார். "சந்தேகம் வந்தா நில்லு. நீயா எந்தப் பக்கமும் திருப்பாதே. நான் இருமுற வரைக்கும் நில்லு. திரும்பி மட்டும் என் மூஞ்சியப் பாக்காதே, ரெண்டு பேரும் மாட்டுவோம்."

இன்ஸ்பெக்டர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஒருத்தர் கேட்டே விட்டார். "வாத்தியாரே, இந்த இருமலுக்கு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

"காட்டினேன் சார். பரீட்சை முடிஞ்சா தானாப் போயிடும்னு சொல்லிட்டார்."

இப்படி இருமி இருமியே பாதி ஊரை ரோட்டுக்கு அனுப்பியவர். அந்த இருமலைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவள் அவர் மனைவி. அப்போது மனைவி இல்லை. மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண். தினமும் வேலை முடிந்து ஓட்டக் கற்க வருவாள். கியர், கிளட்ச் எல்லாம் சொன்னது சொன்னபடி வந்தது. இடது வலது மட்டும் வரவே இல்லை. "எந்தக் கையால எழுதறே? அதுதான் வலது" என்றார். "நான் இடது கைக்காரி சார்" என்றாள் அவள். வாத்தியார் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நான் இருமறேன்" என்றார்.

பாஸானாள். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். மருந்துக் கடையை விட்டுவிட்டு அவளும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். பெண்கள் அவளிடம் வந்தார்கள், வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார்கள். ஆனால் வீட்டிலும் வெளியிலும் அவரை "சார்" என்று கூப்பிடுகிற பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை. "புருஷனைப் போய் சாருங்கறியே" என்று கேலி செய்த தோழிகளிடம், "வேற எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறார், நான் என்ன செய்ய" என்றாள். பிள்ளை குட்டி கிடையாது. பிரேக்கும் கிளட்சும் இரண்டு பக்கமும் வைத்த இரண்டு கார்கள், ரோட்டைப் பார்த்த ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், மேஜையில் முக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க நாலு பொம்மைக் கார். அவ்வளவுதான் ஸ்கூல். அதிலேயே காலம் ஓடிவிட்டது.

மறதி வந்தது யாருக்கும் முதலில் தெரியவில்லை. ஒரு பையனுக்கு ஒரே வாரத்தில் ஆறு நாளும் ரிவர்ஸ் மட்டுமே சொல்லிக்கொடுத்தார். பையன் மரியாதைக்காரன், வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் கறாரானவர் என்று அவன் அப்பாவுக்குச் சந்தோஷம். பிறகு, தெரிந்த தெருவிலேயே வழி கேட்டார். பிறகு, சிக்னலில் நிற்கிற யாரோ ஒருவரின் காரில் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், எடும்மா. கண்ணாடி பாத்தியா?" என்றார். முதலில் ஊர் சிரித்தது. அவரிடமே கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்பதால் ஒன்றிரண்டு பேர் எடுத்து ஓட்டியும் காட்டினார்கள், அப்படியே கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். தெரியாத ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அன்று முழங்கையில் கட்டோடு வந்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, "பையன் பிரேக்கை விட்டுட்டான்" என்றார்.

அதிலிருந்து வாத்தியாரம்மா பாடத்துக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். வீட்டில் தனியாக விட முடியாது, ஆள் வைத்தால் அந்த ஆளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். பின்சீட்டில் இருந்தால் அமைதியாக இருப்பார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஒன்றும் இல்லை. நட்ட நடு ரோடு. "பிரேக்!" என்று அவர் பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் அந்தப் பெண் ஏறி மிதித்துவிட்டாள். பின்னால் வந்த சரக்கு வண்டி வந்து முட்டியது. டிக்கி நசுங்கியதோடு போயிற்று. அந்தப் பெண்ணின் அப்பா வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கை இரண்டையும் கூப்பி, "வேண்டாம்மா, இவளுக்கு வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வாத்தியாரம்மா நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு, மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களின் நம்பர்களைத் தேட ஆரம்பித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. டிக்கியைச் சரிசெய்ய ஆள் தேடுவது போலத்தான் இருந்தது.

முதலில் போன இல்லத்தில் சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் டி.வி. பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் சத்தம் இல்லை. "இங்க யாரும் சத்தமே போட மாட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார் நடத்துகிறவர். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த இடம் ஓட்டல் மாதிரி பளபளவென்று இருந்தது. விலை சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள். அறைக்கு இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு, முடி வெட்ட தனி, நகம் வெட்ட தனி, நடக்கக் கூட ஆள் வந்தால் அது தனி.

"மூச்சு விடறது இதுலயே அடங்குமா?" என்று வாத்தியாரம்மா கேட்டாள்.

"ஆக்ஸிஜன் தனி மேடம்" என்றாள் அந்தப் பெண், முகம் மாறாமல்.

மூன்றாவதாகப் பார்த்தது பழைய மாடிக் கட்டடம். வாசலில் வேப்பமரமோ பூச்செடியோ அழகுக்கு ஒன்றும் இல்லை; காய்கிற துணிகள்தான் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கிழவர் கைத்துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஓர் அம்மாள் அடுக்கியதை எடுத்துப் பிரித்துப் பிரித்து அவர் பக்கம் திரும்பத் தள்ளினாள். இரண்டு பேருக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வந்து தடுக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்தது.

இன்சார்ஜ் என்று எல்லாரும் கூப்பிட்ட தலைமை நர்ஸ் பருத்த உடம்புக்காரி. பேசும்போதே பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, விருந்தாளிக்கும் தட்டைத் தள்ளினாள். "நான் சுத்தி வளைக்க மாட்டேன்மா. இங்க ரெண்டு பக்கம். தோட்டப் பக்கம், உள்பக்கம். தோட்டப் பக்கம் கதவு திறந்தே இருக்கும். அவங்கவங்க அறையிலிருந்து சாப்பாட்டுக்குத் தானா வரணும், தானாத் திரும்பிப் போகணும். அது முடியாதவங்க உள்பக்கம். அங்க நம்பர் அமுக்கினாத்தான் கதவு. எந்நேரமும் ஆள் கூடவே இருக்கும். ஆள் கூடுதல், அதனால காசும் கூடுதல். ஏறக்குறைய ரெண்டு பங்கு."

வாத்தியாரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். போடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு காரை விற்றுவிட்டு இன்னொன்றை வைத்துக் காலையிலிருந்து இருட்டும் வரை பாடம் எடுத்தால் தோட்டப் பக்கத்துக்குக் கட்டலாம். உள்பக்கம் என்றால் ஸ்கூலையே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தான். ஊரில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற அவனும் வாத்தியாரின் பழைய மாணவன்தான். ரிவர்ஸில் மூன்று தடவை கோட்டை விட்டதால் வாத்தியார் அவனுக்கு வைத்த பெயர் ரிவர்ஸ். இப்போது எட்டுக் கார் வைத்திருந்தாலும் பெயர் மாறவில்லை.

"எந்தப் பக்கம்னு யார் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"நடத்திப் பாத்துட்டு நான் சொல்வேன்" என்றாள் இன்சார்ஜ்.

நடத்திப் பார்க்கும் நாளில் வாத்தியார் நன்றாக உடுத்தியிருந்தார். அவள்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டாள். இன்சார்ஜ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டினாள். பச்சைக் கதவு, உள்ளே கட்டில், ஜன்னல், ஒரு கொக்கி விட்டுப்போய்த் தொங்கும் திரை. பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிவந்து டீ கொடுத்தாள். டீ முடிந்ததும், "சார், உங்க அறைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க பாக்கலாம்" என்றாள்.

நடந்தார்கள். அவர் முன்னால், பக்கத்தில் இன்சார்ஜ், பின்னால் வாத்தியாரம்மா. பரீட்சைக் காரில் யார் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்தாயிற்று என்று அவள் மனசில் ஓடியது. துணி அலமாரி வந்ததும் நடை இரண்டாகப் பிரிந்தது. அவர் நின்றார். கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நேராக எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கம் சார்?"

வாத்தியாரம்மா இருமினாள். ஒரு இருமல்.

அவர் இடது கையை நீட்டிக் காட்டி, அழகாக இடப்பக்கம் திரும்பினார். இன்சார்ஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிக்னல் எல்லாம் போடறீங்களே!" அடுத்து ஜன்னலோரம் இன்னொரு பிரிவு. இரண்டு இருமல். வலது. பச்சைக் கதவு. கைப்பிடியில் கை வைத்து நின்று, "வண்டியை ஆஃப் பண்ணு" என்றார், யாருக்கோ.

"ஜோரா வந்துட்டார். தோட்டப் பக்கமே போதும்" என்றாள் இன்சார்ஜ். பிறகு வாத்தியாரம்மாவைப் பார்த்து, "உங்களுக்குத்தான் தொண்டை சரியில்ல போல. சுடுதண்ணி தரச் சொல்லட்டா?"

"வேண்டாம். பரீட்சை முடிஞ்சா போயிடும்" என்றாள். இன்சார்ஜுக்கு அது புரியவில்லை.

ஒரு காரை விற்றாள். முன்பணம் கட்டினாள். அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் காலருக்கு உள்ளே அறை எண்ணைத் தைத்தாள், இடது கையால். சேர்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டாள். மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் தின்றாள். பாடம் எடுத்தாள். புதிதாக வந்த ஒரு டீக்கடைக்காரர் கிளட்சை மிதித்தபடியே அரை மணி நேரம் தன் மச்சினனைத் திட்டினார். அவள் "ம்" கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போய்ப் பார்த்தாள். பக்கத்து அறைக்காரரோடு சேர்ந்து சாப்பாட்டுக்குப் போய் வருகிறார் என்றார்கள். அவர் அவளைப் பார்த்து, "பீஸ் கட்டிட்டியாம்மா?" என்று கேட்டார். "கட்டிட்டேன் சார்" என்றாள். உண்மைதானே.

மழைக்காலம் தொடங்கியதும் இல்லத்தில் ஒருத்தர் விடாமல் சளி பிடித்தது.

போன் வந்தபோது அவள் டீக்கடைக்காரரோடு ரோட்டில் இருந்தாள். "சாரைக் காணோம்" என்றது ஒரு குரல். அவள் டீக்கடைக்காரரை இறங்கச் சொல்லி, இடம் மாறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடி பார்த்து, வண்டியை எடுத்தாள். டீக்கடைக்காரர்தான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

அவள் போய்ச் சேர்வதற்குள் கிடைத்துவிட்டார். ஆபீஸில் போர்வை சுற்றி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தலை ஈரம். துணி துவைக்கக் கொண்டுபோகும் வேன்காரர்தான் கூட்டிவந்திருந்தார். அவர் இன்னும் நின்றுகொண்டு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலைல மூட்டையை ஏத்திட்டுப் போறப்ப பாத்தேன்மா. நாலு ரோடு சேர்ற எடத்துல ஓரமா நின்னாரு. யாருக்கோ காத்திருக்காருன்னு நினைச்சுட்டேன். மதியம் திரும்பி வரேன், அதே எடம். அப்படியே நிக்கிறாரு. மழை வேற. ஏறுங்க சார்னேன். 'இன்னும் சொல்லலை'ங்கறாரு. யார் சொல்லணும் சார்னா நேரா ரோட்டையே பாக்கறாரு. கையைப் பிடிச்சு இழுத்தா வர மாட்டேங்கறாரு. அப்புறம்தான் பொறி தட்டிச்சு. நான் சார்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன்மா. பின்னால போய் நின்னு ரெண்டு தடவை இருமினேன். டக்னு வலது பக்கம் திரும்பி நடந்து வந்து வண்டில ஏறிட்டாரு."

இன்சார்ஜ் வாயில் வைக்கப்போன பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "இருமினா திரும்புவாரா?"

"எங்க எல்லாரையும் அப்படித்தானே பாஸ் பண்ண வச்சாரு" என்று வேன்காரர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மூட்டையை எடுக்கப் போனார்.

காலைச் சாப்பாட்டின்போது கூடம் முழுக்க ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்தார்களாம். வாத்தியார் பாதியில் எழுந்திருக்கிறார். ஒருத்தர் ஒருமுறை இரும, இடது. இன்னொருத்தர் இரண்டு முறை, வலது. சமையலறையில் வேலை செய்கிற பெண்ணுக்கும் சளி. அப்படியே பின்கதவு, சந்து, ரோடு. நாலு ரோடு சேரும் இடத்தில் இரும ஆள் இல்லை. நின்றுவிட்டார். காலையிலிருந்து மதியம் வரை, பஸ்ஸும் லாரியும் போகிற இடத்தில், எந்தப் பக்கமும் ஓரடி வைக்காமல், திரும்பியும் பார்க்காமல்.

இன்சார்ஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டலை."

"இல்ல."

"எதுக்கும்மா?"

"பழக்கம். முன்னால ஒருத்தர் தடுமாறி நின்னா எனக்கு இருமல் வந்துடும்."

"பழக்கமா, பணமா?"

வாத்தியாரம்மா யோசித்தாள். யோசித்துப் பார்த்தும் எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. "ரெண்டும்தான்" என்றாள்.

இன்சார்ஜ் திட்டவில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "வெள்ளிக்கிழமை மறுபடி நடத்திப் பாக்கறேன். நீங்களும் பின்னால வாங்க. நீங்க வரலைன்னா அவர் நாற்காலியை விட்டே எந்திரிக்க மாட்டார். ஆனா இரும வேண்டாம். அவரா நடந்தா தோட்டப் பக்கமே இருக்கட்டும், பின்கதவுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கறேன். இல்லன்னா உள்பக்கம். உள்பக்கம் கட்ட முடியாதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும். நான் வேற என்ன சொல்ல?"

அன்று சாயங்காலம் நாத்தனார் தூர தேசத்திலிருந்து பேசினாள். "அண்ணி, என் அண்ணன் நல்லா நடமாடிட்டு இருக்கற மனுஷன். அவரைப் போய்ப் பூட்டி வைக்கப் போறீங்களா?"

"நல்லா நடமாடறார். அதான் பிரச்சினை."

"ஜெயில் மாதிரி இருக்குமே அண்ணி. வேணும்னா நானும் மாசாமாசம் ஏதாவது அனுப்பறேன்."

"எவ்வளவு அனுப்புவே?"

"பாக்கறேன் அண்ணி."

"பாரும்மா."

மறுநாள் ரிவர்ஸ் வந்தான். அறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பொம்மைக் கார் ஒன்றை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினான். மேஜை விளிம்பில் முட்டிக் கீழே விழுந்தது.

"இன்னும் வரலை பாரு உனக்கு" என்றாள்.

"மானத்தை வாங்காதீங்க வாத்தியாரம்மா" என்று குனிந்து எடுத்தான். வந்த விஷயத்துக்கு வர அவனுக்கு நேரம் பிடித்தது. "நான் இப்ப சொல்றது வியாபாரம் இல்ல. சரி, வியாபாரம்தான். காரு, இந்த எடம், போன் நம்பர் மூணும் எனக்கு. நீங்க வேலையை விட வேண்டாம். என் ஆளா வந்து இதே காரை ஓட்டுங்க. இல்லத்துக்கு மாசாமாசம் நானே நேராக் கட்டிடறேன். உங்க கைல சம்பளம்னு கொஞ்சம்தான் வரும்."

"போர்டு?"

"என் பேர்லதானே போடணும்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னன்னு? ரிவர்ஸ் டிரைவிங் ஸ்கூலா? எவன் வருவான்?"

அவன் சிரித்தான். கண் கலங்கியும் இருந்தது. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைப் பற்றி அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் சொல்றேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதே சட்டையைத் தேய்த்து எடுத்துப் போனாள். சாப்பாட்டுக் கூடம். டீ. கைத்துண்டுகளை மடிக்கிற கிழவர் மடித்துக்கொண்டிருந்தார். "சார், உங்க அறைக்குப் போலாமா?" என்றாள் இன்சார்ஜ். அவர் உட்கார்ந்தே இருந்தார். பின்னால் ஆள் வந்து நின்ற அரவம் கேட்டதும் எழுந்தார்.

துணி அலமாரி வந்தது. நடை பிரிந்தது. அவர் நின்றார்.

"எந்தப் பக்கம் சார்?"

கை தொடையில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. வாத்தியாரம்மா அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள், கொஞ்சம் கோணலாக. காலருக்குள்ளிருந்து அவள் தைத்த நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொண்டை அரித்தது. நிஜமாகவே அரித்தது. எச்சிலை விழுங்கினாள். ஒரு இருமல் போதும். ஒரு தடவை, அப்புறம் ஜன்னலோரம் இரண்டு. இன்சார்ஜ் இந்தத் தடவை ஏமாற மாட்டாள். இருந்தாலும் அவர் பச்சைக் கதவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார், இப்படி சுவரைப் பார்த்து நிற்க மாட்டார். அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. அழுத்திக்கொண்டே நின்றாள்.

ஒரு பெண் துணி எடுக்க வந்து, மூன்று பேர் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, எடுக்காமலே போனாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற இன்சார்ஜிடம், இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்கிற மாணவனைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்க வாத்தியார் இன்னும் வரலை சார்."

"பரவாயில்ல சார். போதும்" என்றாள் இன்சார்ஜ். அவர் கையைப் பிடித்தாள். அலமாரிக்கு எதிர்ப்பக்கம், நம்பர் வைத்த கதவு. இன்சார்ஜ் விரலால் நம்பரை அமுக்கினாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க சார், வாங்க" என்று வாத்தியாரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்ததும் வாத்தியார் யோசிக்காமல் நடந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வாத்தியாரம்மா பச்சைக் கதவு அறைக்குப் போய் அவர் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். ஒரு கொக்கி விட்டுப்போன திரை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டாள். டீ வேண்டாம் என்றாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தி, ரிவர்ஸுக்குப் போன் போட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"எடுத்துக்கோ" என்றாள். "நாளைக்கே போர்டை மாத்திக்கோ. சாயங்காலம் டீக்கடைக்காரருக்குப் பாடம் இருக்கு, அதை மட்டும்..."

அதற்குமேல் பேச முடியவில்லை. இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, எண்ணிக்கை இல்லாமல் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை இருமினாள். அந்தப் பக்கம் ரிவர்ஸ் பொறுத்துப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் வாத்தியாரம்மா?" என்றான். எப்போதும் அவன் செய்கிற கேலிதான். பாதியிலேயே அவன் குரல் இறங்கிப்போனது.

"எந்தப் பக்கமும் இல்லடா. சும்மா இருமல்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் வண்டிகள் போகும்வரை காத்திருந்தாள்.